மெசினுக்கு விடாத தீர்த்தம்

ஜேர்மனிக்கு வந்து இத்தனை வருசமாகியும் எங்கள் வீட்டில் தண்ணீர் சுடவைக்கிற கேத்தில் எனக்குப் பிடிபடவில்லை. குழாயில் வருவது கண்ணாடி மாதிரித் தண்ணீர்தான். நாலு தரம் கொதிக்க வைத்தால் அடியில் சுண்ணாம்பு பூத்துவிடும். ஊரில், கடற்கரைக் குருநகரில், எங்கள் கிணறு சவர். தேத்தண்ணியிலேயே உப்புத் தெரியும். அந்தத் தண்ணீர் எதையும் ஒளித்ததில்லை.

தண்ணீரைப் பற்றி இப்படி யோசிக்க வைத்தவள் என் மகள் மெலனி. விண்வெளிக்குப் போகிறவர்களுக்காகத் தண்ணீரைப் பிரித்து ஒட்சிசன் எடுக்கிற மெசினைத் திருத்தும் இடத்தில் அவளுக்கு வேலை. பாரமில்லாத இடத்தில் குமிழிகள் மேலே எழும்பாமல் தகட்டிலேயே ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுக்குமாம். ஒட்டவிடாத தகடு ஒன்றை இவர்கள் செய்திருக்கிறார்கள். முதலில் தரையில் சோதிக்க வேண்டும். அதற்காக மூடிய இரும்பறைக்குள் ஒரு கிழமை, ஏழு நாளும், இருக்க மெலனி பெயர் கொடுத்துவிட்டாள். வெளிக்காற்று இல்லை. மெசின் தருவதுதான் மூச்சு. கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் அப்பு, என் தகப்பன், புதுப் படகு இறக்கியபோது, தேவாலயத்துச் சுவாமி மந்திரித்த தீர்த்தத்தில் ஒரு துளியை என்ஜினின் தலையிலும் விட்டார். கடலுக்குப் போகிற என் அண்ணை இன்றைக்கும் அதைத் தவறவிடுவதில்லை. அவருக்குப் போன் எடுத்தேன்.

"காத்துச் செய்யவும் மெசினோ உங்கை?" என்று சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "கோயில் தீர்த்தம் அனுப்பிறன். பிள்ளை உள்ளுக்கை போக முன்னம் மெசின்ரை தண்ணிக்கை ஒரு துளி விடச் சொல்லு."

மெலனி உள்ளே போகிற நாள், வழியனுப்ப என்னை இரும்பறைக் கதவடி வரைக்கும் விட்டார்கள். அண்ணை அனுப்பிய சின்னப் போத்தலை நீட்டினேன்.

"ஐயோ அப்பா, உதுக்கை உப்பெல்லோ போட்டு மந்திரிக்கிறவை! ஒரு துளி போனாலும் தகடு பழுதாப் போகும்."

"அப்ப ஆண்டவர் வெளியிலை நிக்கட்டுமோ?"

காவலாளி கிட்ட வந்து போத்தலைப் பார்த்து, "ஷ்னாப்ஸ்?" என்றார். சாராயமோ என்று கேட்கிறார். "நைன், நைன்" என்று சொல்லிச் சிலுவை அடையாளம் போட்டுக் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. யார் செத்தது என்று மகளிடம் மெதுவாக விசாரித்தார்.

மெலனிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. போத்தலை வாங்கி ஒரே மடக்கில் குடித்தாள். "இப்ப சரியோ? உள்ளுக்கை நான் விடுற மூச்சு, வேர்வை எல்லாத்திலையும் உள்ள தண்ணியைப் பிடிச்சு வடிச்சுத்தான் மெசின் ஒட்சிசன் எடுக்கும். உது போகவேண்டிய இடத்துக்குப் போகும், அப்பா."

கதவு மூடியது. அந்தக் கிழமை முழுவதும் கேத்திலைப் போடும்போதெல்லாம் மாதாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னேன். குருநகர்த் தண்ணீரை ஜேர்மன் மெசின் பிரித்துக்கொண்டிருக்கும், அதை என் பிள்ளை மூச்சாக எடுத்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தால் கொஞ்சம் நித்திரை வந்தது.

சுகமாக வெளியே வந்தாள். கர்த்தருக்குத் தோத்திரம். நெற்றியில் உதடு பதித்துக் கொஞ்சினேன், உப்புக் கரித்தது. வேர்வைதான், தெரியும். ஆனாலும் தீர்த்தத்தில் தண்ணீரை மட்டும்தானே மெசின் எடுத்தது. உப்பு அதற்கு ஆகாது என்று அவளே சொன்னாள்.