மொரெனிகேயின் துணி முகம்

எங்கள் இபாடான் ஊரில் ஒரு பெண் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்றால் நஷ்டம் அவளுக்கு இல்லை, அவள் அம்மாவுக்குத்தான். ஊரார் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் அவர்கள் சொன்ன துணியை வாங்கி, தைத்து உடுத்தி, தலைக்கட்டு கட்டிக்கொண்டு போய் ஆடிவிட்டு வந்தவள் அந்த அம்மா. குடும்பமே ஒரே துணியில் வந்து நிற்பதற்கு அசோ எபி என்று பேர். என்றைக்காவது தன் வீட்டு விசேஷத்துக்குத் தான் துணி எடுக்கலாம், ஊரே அதை உடுத்திக்கொண்டு வரும் என்ற நம்பிக்கையில்தான் அத்தனை ஆட்டமும். மகள் மொரெனிகேயோ நாற்பதைத் தாண்டியும் கோணி ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

பெரே பகுதியில் எனக்குத் தையல் கடை. பேர் லாமிடி, ஆனால் பலரும் என்னை அல்ஹாஜி, அதாவது ஹஜ் போய்வந்தவர், என்பார்கள். வடக்கே இருக்கும் இலோரினைத் தாண்டி நான் எங்கும் போனதில்லை. சனிக்கிழமை தோறும் மொரெனிகே வந்து வெட்டுத்துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவாள். அதோடு பழைய ஜிப், பொத்தான், பின்னல் நூல், கிழிந்த மீன் வலை, கேசட் நாடா என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்துத் தைப்பாள்.

"என்னதான்மா தேடறே இதுல?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் யாருன்னு தேடறேண்ணே."

"உங்கம்மாவைக் கேட்டா ஒரே நிமிஷத்துல சொல்லிருவாங்களே."

அதற்கப்புறம் ரெண்டு சனிக்கிழமை அவள் கடைப் பக்கமே வரவில்லை.

இந்த வருஷம் அவள் செய்தது ஒரு முகம். அவளுடைய முகம்தான், ஆனால் ஒரு சுவர் அகலம். கிட்டே போனால் கந்தல்தான் தெரியும். தூரமாகத் தள்ளிப் போய்த் திரும்பினால்தான் கண்ணும் மூக்கும் கூடி வரும். போடிஜா பகுதியில் பழைய அச்சகக் கட்டடத்துக் கூடத்தில் அதை மாட்ட இடம் கிடைத்தது. லாகோஸில் பெரிய கண்காட்சி நடத்தும் திருமதி எஃபியோங் நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் முகம் லாகோஸ் போகும்.

"அந்தம்மா தள்ளி நின்னு பார்த்து, இது நீதான்னு சொல்லிட்டா போதும்ணே," என்றாள் மொரெனிகே. "பத்து வருஷமா இதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

அடுத்த நாளே அவள் அம்மா ஒரு டாக்சி நிறையத் துணியோடு என் கடை வாசலில் வந்து இறங்கினாள். வெங்காயத் தோல் நிறத் துணியில் பச்சைப் பூங்கொடி போட்டது. ஊரில் எல்லோரும் அவளை இயா மொரெனிகே என்பார்கள், மொரெனிகேயின் அம்மா என்று. நாங்கள் வெறும் இயா என்போம்.

"லாமிடி, மத்த வேலையெல்லாம் தூக்கிப் போடு. என் மக விசேஷம்!"

"கல்யாணமா இயா?"

"அவ எங்க பண்ணப்போறா? படம் மாட்டறாளாம். எனக்கு அதுவே போதும்."

"அது கண்காட்சி இயா. சத்தமில்லாம வந்து பார்த்துட்டுப் போவாங்க."

"சத்தமில்லாமப் போறதுக்கு அதென்ன திருட்டா?"

விஷயம் தெரிந்து மொரெனிகே மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அண்ணே, யாருக்கும் தைக்காதீங்க. ஒரு ரவிக்கைகூடக் கூடாது!"

தைத்தேன். இயாவைப் பகைத்துக்கொண்டு பெரேயில் எவன் ஊசி பிடிப்பான்?

கண்காட்சி அன்றைக்குச் சாயங்காலம் வேன் வேனாக வந்து இறங்கினார்கள். அத்தனை பேரும் வெங்காயத் தோல். அண்டா அண்டாவாக ஜொலோஃப் சோறு, கூடை கூடையாக மொயின் மொயின் என்ற அவித்த பயறுக் கொழுக்கட்டை, மேளக்காரர்கள், வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்க மொரெனிகே படம் அச்சடித்த பிளாஸ்டிக் வாளி. படத்தில் அவளுக்கு இருபது வயசு. திருமதி எஃபியோங் வெள்ளைக் கவுனில், கையில் தண்ணீர்க் குவளையோடு, உள்ளே வர வழியில்லாமல் வாசலில் நின்றார்.

அத்தைமாரெல்லாம் நேரே சுவருக்குப் போய் ஒட்டிக்கொண்டார்கள். கந்தலைத் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

"ஏடி, இது நம்ம தோயினோட கல்யாணத் துணி! கேக் வெட்டறதுக்கு முன்னாடியே மாப்பிள்ளை ஓடிட்டானே!"

"ஓடலைடி, கக்கூஸ் போனான்."

"இன்னுமா போய்க்கிட்டிருக்கான்?"

இயாவின் தங்கை அபேகே ஒரு துண்டை விரலால் நீவிப் பார்த்தாள். "இது என் ரவிக்கைத் துணியாச்சே! லாமிடி! துணி பத்தலைன்னு சொல்லி எனக்குக் கையைக் குட்டையாத் தைச்சே, இல்ல?"

நான் பெரிய மேளத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அதற்குள் யாரோ ஒரு அத்தை திருமதி எஃபியோங்கின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், சுவரோடு சுவராக நிறுத்தி, தோயின் மாப்பிள்ளை கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.

மொரெனிகே தொண்டை கிழியக் கத்தினாள். "தள்ளி நின்னு பாருங்க! தயவு பண்ணி எல்லாரும் பின்னாடி போங்க!"

"பின்னாடி போனா என்ன தெரியும்?"

"நான் தெரிவேன்!"

"நீதான் இங்கயே நிக்கிறியே."

மேளக்காரர் இயாவின் பரம்பரைப் பெருமையைத் தாத்தாவுக்குத் தாத்தாவிலிருந்து கொட்டத் தொடங்கினார். இயா ஆடினாள். மொரெனிகே நடுவே போய் மேளக்குச்சியைப் பிடித்துவிட்டாள்.

"அம்மா, இது உன் கல்யாணம் இல்ல! பத்து வருஷமா ஒருத்தர் பார்க்க மாட்டாங்களான்னு கிடந்தேன். வந்த ஒருத்தரையும் சோத்து அண்டாவை வச்சு மறைச்சுட்டே!"

இயா கைப்பையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வாசல் பக்கக் கோடிக்குப் போய், கவிழ்த்திருந்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

எங்கள் பக்கம் ஒரு தாய் அப்படிப் போய் உட்கார்ந்துவிட்டால் யாரும் சோற்றில் கை வைக்க முடியாது. சமாதானம் சொல்லியே ஆகவேண்டும். அபேகே முதலில் போய் முட்டி போட்டாள். பின்னாலேயே பெண்கள் எல்லோரும். ஆண்கள் தரையில் நீட்டிப் படுத்தோம், நானும் புதுக் குல்லாவோடு. "அக்கா, விட்டுடுக்கா, சின்னப் பிள்ளை தெரியாமப் பேசிருச்சு." நாற்பது வயசுச் சின்னப் பிள்ளை சுவரோரம் தனியாக நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். திருமதி எஃபியோங்குக்குத் தனியாக நிற்பது சங்கடமாக இருந்திருக்கவேண்டும், அவரும் கூட்டத்தோடு வந்துவிட்டார்.

இயா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. எங்கள் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தவள் சட்டென்று எழுந்தாள்.

"அது என் மூஞ்சியில்ல?"

எல்லோரும் திரும்பினோம். கேசட் நாடா மயிராகியிருந்தது. ஜிப் புருவமாகியிருந்தது. சுவர் முழுக்க ஒரு முகம், கீழுதட்டைத் துருத்திக்கொண்டு, கோபத்தை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் எங்களைப் பார்த்தது. அபேகேயின் கை வாய்க்குப் போனது.

"யாரைக் கேட்டுடி என் மூஞ்சியைச் செவுத்துல மாட்டினே?" என்று கத்தினாள் இயா.

"அது என் மூஞ்சி!" அந்தக் கோடியிலிருந்து மொரெனிகே. "கண்ணாடி பார்த்துத் தைச்சேன்!"

"அப்ப கண்ணாடி கோளாறு. உனக்கு ஏதுடி இந்த வாய்? கோவம் வந்தா எனக்குத்தான் இப்படிப் போகும்."

"நான் மட்டும் இப்ப குஷியாவா இருக்கேன்?"

திருமதி எஃபியோங் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். "வியாழக்கிழமை வண்டி அனுப்பறேன் மொரெனிகே. பத்திரமாக் கழட்டி வையுங்க."

மொரெனிகே கிட்டே ஓடிவந்தாள். "அது நான்னு தெரியுதா உங்களுக்கு?"

"நல்லாத் தெரியுது. அம்மாவும் தெரியறாங்க."

"அதை யாரு கேட்டா?" என்றாள் மொரெனிகே, கண்ணில் தண்ணீரோடு. எரிச்சலில்தான் என்று அப்புறம் என்னிடம் சத்தியம் செய்தாள்.

இயா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "லாமிடி, வியாழனுக்குள்ள அந்த வாயை மட்டும் பிரிச்சு, கொஞ்சம் சிரிக்கிற மாதிரி தைச்சுக் குடு. லாகோஸ்காரங்கல்லாம் பார்ப்பாங்க."

மொரெனிகேவுக்குப் பாம்புக் காது. "அண்ணே, ஊசியோட அந்தப் பக்கம் போனா கையை ஒடிச்சிருவேன்."

"அந்த நிறத்துல என்கிட்ட நூலே இல்லையே," என்றேன்.

"எந்த நிறம்?" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கீழுதட்டைத் துருத்தினார்கள்.

நான் ஒரு தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு மேளக்காரர் பக்கம் நகர்ந்துவிட்டேன்.