மோட்டார் ஒண்ணுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை

எங்கள் அப்பா அணைக்கட்டில் மோட்டார் படகு ஓட்டினார். மஞ்சூருக்கு மேலே, மலைகளுக்கு நடுவே தேங்கிக் கிடக்கும் அந்தத் தண்ணீருக்கு இக்கரையில் எங்கள் குவார்ட்டர்ஸ், அக்கரையில் பஸ் போகிற ரோடு. அம்மா கூடலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சனிக்கிழமை பொழுது சாய வருவாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருக்கிற ஒரே பஸ்ஸில் கிளம்பிவிடுவாள். இந்த ஒரு நாளுக்காக வாரம் பூராவும் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவேன். வந்து இறங்கியதும் சேலைத் தலைப்பைப் பிடித்தால் விடமாட்டேன். அந்தச் சேலையில் சாக்பீஸ் வாசனை அடிக்கும். இன்றைக்கும் சாக்பீஸ் வாசனை வந்தால் அம்மாவைத் தேடித் திரும்பிப் பார்ப்பேன்.

படகின் பின்னால் மாட்டியிருந்த மோட்டார், அணைத் தண்ணீரையே உறிஞ்சித் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அதில் கொஞ்சத்தைப் பின்பக்கத்து ஓட்டை வழியாக மெல்லிசாகப் பீச்சிக்கொண்டே வரும். பீச்சுகிறவரை பயமில்லை, நின்றால் மோட்டார் கொதித்துவிடும். இதற்கு எங்கள் ஊட்டில் ‘மோட்டார் ஒண்ணுக்குப் போகுது’ என்று பேர். அதைப் பார்த்துச் சொல்வது என் வேலை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, “போகுதுங்கப்பா, போகுதுங்கப்பா” என்று கத்திக்கொண்டே வருவேன். பெரிய உத்தியோகம்!

டீச்சரம்மாவுக்கு இது பிடிக்குமா? அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைப் பிடித்து உட்காரவைத்து, “பொட்டப்புள்ள பேசற பேச்சா இது? சிறுநீர்னு சொல்லோணும்” என்று பாடம் நடத்தினாள். அம்மா சொன்னால் எனக்கு வேதவாக்கு.

மத்தியானம் அவளைக் கொண்டுபோய் விடக் கிளம்பினோம். அம்மா முன்பலகையில் அக்கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், நானும் அப்பாவும் அவளுக்குப் பின்னால். அவளுக்கு லீவெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. திங்கட்கிழமை போய் நிற்காவிட்டால் பெரிய டீச்சர் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். எனக்கும் அது தெரியும். தெரிந்தும், ‘முருகா, இன்னிக்கு மட்டும் பஸ்ஸு வரக் கூடாது’ என்று வேண்டிக்கொண்டேதான் போனேன்.

நடுத்தண்ணீரில் பீச்சுவது நின்றுபோயிற்று. நான் மரியாதையாக, “அப்பா, சிறுநீர்!” என்றேன்.

“அவசரமா கண்ணு? கொஞ்சம் அடக்கிக்கோ, கரைக்குப் போயிரலாம்” என்று அவர் வேகத்தைக் கூட்டினார்.

“எனக்கில்லீங்கப்பா!” என்று கத்தினேன். மோட்டார் சத்தத்தில் யாருக்குக் கேட்கிறது? கொஞ்ச நேரத்தில் தீய்ந்த நாற்றம் வந்தது. அப்பா பதறிப்போய் மோட்டாரை நிறுத்தி, மூடியில் கைவைத்துச் சட்டென்று உதறினார்.

“நின்னுபோச்சுன்னு சொல்ல வேண்டாமா கண்ணு?”

“சொன்னனே! அம்மா சொல்லிக்குடுத்த மாதிரியே சொன்னேன்.”

அம்மா திரும்பாமலே தோள் குலுங்கச் சிரித்தாள்.

அப்பா மோட்டாரைத் தண்ணீருக்கு மேலே தூக்கினார். தண்ணீர் உறிஞ்சுகிற சல்லடையைப் பாசி மூடிக் கிடந்தது. அதைப் பிய்த்து எறிந்துவிட்டு, சூடு தணியட்டும் என்று காத்திருந்து மறுபடி கிளப்பினார். ஓட்டையில் ஒரு சொட்டு வரவில்லை. உள்ளே தண்ணீர் ஏறுகிறதா என்று தெரியாமல் ஓட்டினால் மோட்டார் ஜாம் ஆகிவிடும். சர்க்கார் மோட்டார், யார் பதில் சொல்வது? நிறுத்திவிட்டார்.

“ஏம்புள்ள, ஓட்டையில சேறு அடைச்சிருக்குது. குத்தியுடறதுக்கு ஒரு கொண்டை ஊசி குடு.”

அம்மா தலையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “இல்லீங்க” என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணுக்கு நேரே அம்மாவின் கொண்டை, அதில் வரிசையாக ஊசிகள். “அம்மா, கொண்டையிலதான் இத்தனை இருக்குதே!” என்றேன்.

“அது பெருசு, உள்ள போகாது” என்றாள் அம்மா.

“அது சின்னது, பத்தாது” என்றார் அப்பா.

இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். அக்கரையில் பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. அப்போதுதான் அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். “ஏனுங்க, பெரிய டீச்சர் என்னைத் தோலை உரிச்சுருவாங்க” என்றாள். சொன்ன முகத்தில் கவலையையே காணோம். அப்பா துடுப்பை எடுத்துப் படகை ஊட்டுப் பக்கம் திருப்பினார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. முருகன் எனக்காகவே மோட்டாரை நிறுத்திவிட்டான்! தாவிப்போய் அம்மா மடியில் ஏறிக்கொண்டேன். அப்பாவைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. கைவலிக்கத் துடுப்புப் போட வேண்டும், ரிப்பேர் வேறு பார்க்க வேண்டும். “கவலைப்படாதீங்கப்பா, நாளைக்குச் சரியாயிரும்” என்று தேற்றினேன். வாரம் பூராவும் அம்மாவுக்காக ஏங்கிக் கிடப்பது அந்த ஊட்டில் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.