அவதிக்கு இரண்டு அர்த்தம்

போன வாரம், கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறை வில்லேஜ் ஆபீஸில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் சுவரில் ஒட்டியிருந்த மலையாள அறிவிப்புக்கு நேராகப் போனைத் தூக்கிப் பிடித்தார். திரையில் எழுத்தெல்லாம் தமிழாகிவிட்டது. "முப்பது வரைக்கும் லீவுங்களாமா. அடுத்த மாசம் வந்துக்கலாமுங்க," என்று வண்டிச் சாவியை எடுத்தார். ஆபீஸ் திறந்துதான் இருக்கிறது, ஆள் உட்கார்ந்துதான் இருக்கிறார். ஆனாலும் போன் சொன்னால் சொன்னதுதான். "ஏனுங்க, போயிராதீங்க. அது லீவு இல்லீங்க, மனுக் கொடுக்கக் கடைசி நாளுங்க," என்றேன். என்னை ஒரு தரம், போனை ஒரு தரம் பார்த்தார். போனைத்தான் நம்பினார் என்று முகத்திலேயே தெரிந்தது. கவுண்டரில் கேட்டபிறகுதான் சாவி பாக்கெட்டுக்குள் போயிற்று.

அறிவிப்பில் இருந்த சொல் அவதி. மலையாளத்தில் அதற்கு லீவு என்றும் அர்த்தம், கெடு என்றும் அர்த்தம். தமிழில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். எனக்கு மூன்றோடும் பழக்கம் உண்டு.

அந்த மனிதரின் போனைப் பார்த்ததும் என்னிடம் முன்பு இருந்த கையடக்கக் கணினி ஞாபகம் வந்தது. போன் இப்படியெல்லாம் ஆவதற்கு முந்தைய காலம். உள்ளங்கை அகலம், பச்சைத் திரை, தட்டுவதற்கு ஒரு குச்சி. குச்சியை வாங்கிய மாதமே தொலைத்துவிட்டேன், பிறகெல்லாம் பேனா மூடிதான். இங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு, ஆனால் காதுக்கும் வாய்க்கும் மட்டும். ஆபீஸிலிருந்து கடிதம் வந்தால் யாரையாவது தேடி ஓடவேண்டும். அதற்காக ஒரு புரோகிராம் எழுதினேன். பெயர் 'எழுத்துக்கூட்டி'. திரையில் மலையாள எழுத்துகள் வரிசையாக இருக்கும். கடிதத்தில் உள்ள உருவத்தைப் பார்த்து அதையே தட்டினால் கீழே தமிழ் எழுத்தில் வரும், ஆபீஸ் சொல்லாக இருந்தால் அர்த்தமும் வரும். அந்தக் கருவியில் மலையாள எழுத்தே கிடையாது. ஒவ்வொன்றையும் கட்டம்போட்ட நோட்டில் புள்ளி புள்ளியாக நானே வரைந்தேன். என் 'ழ' கடைசிவரைக்கும் நண்டு மாதிரிதான் இருந்தது.

மேசைக் கணினிக்கும் ஒன்று செய்து, இரண்டையும் சிடியில் பதிந்து கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். இலவசம். மூல நிரலும் உள்ளேயே இருக்கும், யாரும் திருத்தலாம், யாருக்கும் கொடுக்கலாம். பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறி அது எங்கெங்கோ போயிற்று. இப்படிப்பட்ட மென்பொருளில் ஒரு உரிமப் பக்கம் வைப்பார்கள். நானும் ஆங்கிலத்திலிருந்து பெருமையாக மொழிபெயர்த்து வைத்தேன்: 'யாதொரு உத்தரவாதமும் இல்லை.' அதன் கீழே என் வீட்டு முகவரி, 'தப்பு இருந்தால் ஒரு கார்டு போடுங்கள்' என்று ஒரு வரி.

கார்டுகள் வந்தன. ஒருவர் நண்டைப் பற்றி எழுதினார். இன்னொருவர் ஜாதகம் கணிக்கும் புரோகிராம் உண்டா என்று கேட்டார். குமுளிக்குப் பக்கத்து ஆனைக்கரையிலிருந்து வந்த கார்டில் இரண்டே வரி: 'சார், உங்க அவதி எனக்கு அவதியாப் போச்சு. வேலை கைவிட்டுப் போச்சு. ஜெசி.'

ஜெசியின் வீட்டார் ஏலத் தோட்டத்து ஆட்கள். அவள் கம்பத்தில் விடுதியில் தங்கித் தமிழில் படித்துவிட்டு, ஊரில் ஒரு டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆபீஸில் தமிழ் டைப்பிஸ்ட் வேலைக்குத் தேர்வாகிவிட்டாள். வந்த கடிதத்தைக் கடைக் கணினியில் என் எழுத்துக்கூட்டியில் தட்டிப் பார்த்திருக்கிறாள். வேலையில் சேர அவதி இருபதாம் தேதி வரை என்று கடிதம். என் பட்டியலில் அவதிக்கு ஒரே அர்த்தம்தான், விடுமுறை. ஓண மாதம் வேறு, அதனால் பொருத்தமாகவே இருந்திருக்கிறது. இருபது வரை லீவு என்று நினைத்து, இருபத்தொன்றாம் தேதி புதுப் புடவை கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். தேர்வுப் பட்டியலில் அடுத்து இருந்த பெண்ணுக்கு உத்தரவு போய்விட்டது.

நான் குமுளிக்குப் பஸ் ஏறினேன். உத்தரவாதமில்லை என்று எழுதியிருந்தது வழியெல்லாம் ஞாபகம் வந்தது. அதை நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. திட்டுவாள் என்று தயாராகப் போனேன். கடை வாசலில் என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே, சாப்பிட்டீகளா?" என்றாள். பிறகு, "அழுது முடிச்சாச்சுண்ணே. இதப் பாருங்க," என்று ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டினாள். தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் கேட்டுக் கேட்டு, ஆபீஸ் சொற்களுக்கு உள்ள அர்த்தங்களையெல்லாம் எழுதி வைத்திருந்தாள். "ஒத்த அர்த்தத்த மட்டும் போடாதீகண்ணே. எல்லாத்தையும் போட்டுருங்க. வாசிக்கிறவுக பாத்து எடுத்துக்கிடட்டும்."

அடுத்த சிடியில் அதுதான் வந்தது. ஆக்கியோர் என்ற இடத்தில் என் பெயருக்கு முன்னால் அவள் பெயரைப் போட்டேன். அப்புறம் வருஷக்கணக்கில் நோட்டு அனுப்பிக்கொண்டே இருந்தாள். ஆபீஸ் வேலை மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை, வயது வரம்பும் தாண்டிவிட்டது. அது என்னால்தான். அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

இப்போது அந்தக் கணினிகளும் இல்லை, சிடி போடுகிற கடையும் இல்லை. அதற்கெல்லாம் நான் கண்ணீர் விடுகிற ஆளில்லை. எழுத்து எழுத்தாகத் தட்டுவதைவிடப் போனைத் தூக்கிப் பிடிப்பது எவ்வளவோ மேல்.

ஆனால் அன்று வரிசையில் நின்றபடியே அந்த மனிதர் வைத்திருந்த செயலியையே என் போனில் இறக்கி, தப்பை எங்கே சொல்வது என்று தேடினேன். உள்ளே போனேன், இன்னும் உள்ளே போனேன். ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை தருவீர்கள் என்று கேட்டது. வெளியே வந்து ஜெசியைக் கூப்பிட்டேன். இன்னும் பத்திரிகைதான் அடிக்கிறாள், கடை இப்போது அவளுடையது. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள். "ஒரு கார்டு போட்டு விடுங்கண்ணே."

"யாருக்கும்மா போட?"

"அதுவும் சரித்தான்," என்றாள்.

திரும்ப உள்ளே போய், சுவரிலிருந்த அறிவிப்பில் அவதி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பேனாவால் 'கடைசி நாள்' என்று தமிழில் எழுதிவிட்டு வந்தேன்.