பிரஷ் அக்காவும் மேசைத் தாடையும்

பல்லுக்கு கிளிப் போட்டுக்கொண்டவர்களுக்குப் பல் துலக்கக் கற்றுக்கொடுப்பதும் ஓர் உத்தியோகம்தான். அதில் பல வருடங்களாகக் குப்பை கொட்டுகிறவர் பிரஷ் அக்கா. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கலாம். பல் டாக்டரின் அறைக்கு வெளியே, கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் அவருடைய மேசை. மேசைமேல் ஹெல்மெட் அளவில் ஒரு பிளாஸ்டிக் தாடை. எல்லாப் பல்லிலும் கிளிப், குறுக்கே கம்பி. அந்தக் கட்டடத்தில் எந்நேரமும் இளித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அதுதான்.

அக்காவின் பாடம் எளிது. முதலில் நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். பிரஷைச் சாய்த்துப் பிடித்து கம்பிக்கு மேலே ஈறோரமாகக் கொஞ்சம், கம்பிக்குக் கீழே கொஞ்சம். கடைசியில், பாட்டில் கழுவும் பிரஷ் குட்டி போட்டதுபோல் ஒன்று இருக்கிறதே, அதைக் கம்பிக்கு அடியில் நுழைத்து ஒவ்வொரு பல்லாக. அழுத்தக் கூடாது, அவசரம் கூடாது. நாட்டைத் திருத்தும் திட்டத்தைக் கேட்பதுபோல் எல்லோரும் பயபக்தியுடன் தலையாட்டுவார்கள். அந்தத் திட்டத்துக்கு நேர்வதே இதற்கும் நேரும்.

ஒரு மழைநாள் காலையில் கார் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர் ஒருவர் வந்தார். குட்டி பிரஷைத் தினமும் போடுகிறாரா என்று அக்கா கேட்டார்.

"போடாம இருப்பேனா மேடம்?"

அவர் வாயை மூடுவதற்குள் மேசைத் தாடையின் கடைவாய்க் கம்பியில் ஆம்லெட் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. ஆசிரியரின் சட்டையிலும் அதே மஞ்சள். அக்கா விரலால் வழித்தெடுத்தார். துணுக்கு வெதுவெதுப்பாக இருந்தது.

அடுத்து, இனிப்பையே விட்டுவிட்டதாகச் சொன்ன வங்கி மேலாளர். இரண்டு பல்லுக்கு நடுவே மிட்டாய்ப் பாகு ஒரு இழையாக மெதுவாக நீண்டது. மாப்பிள்ளை வீட்டார் சொல்லி கிளிப் போடவில்லை, தனக்கே ஆசை என்றாள் ஒரு கல்யாணப் பெண். ஆப்பிள் தோல் வந்தது. பொய் எதைப் பற்றியதானாலும், சொன்னவர் கடைசியாகத் தின்றது கம்பியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

நாற்காலியை விட்டு எழ முடியாத கணவரிடம் அக்கா இதைச் சொன்னார். அவருடைய மருந்து, மாத்திரை எல்லாமே அக்காவின் சம்பளத்தில்தான்.

"அதுகிட்ட நீ ஏன் வாயைக் குடுக்கறே?" என்றார் கணவர். "வேலை போச்சுன்னா நானா சம்பாதிச்சுப் போடப் போறேன்?"

அழுக்குத் தாடையை வைத்துக்கொண்டு ஊருக்குச் சுத்தம் போதிக்கிறார்கள் என்று பேச்சு பரவியது. இன்னொரு துணுக்கைக் கண்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று டாக்டர் எச்சரித்தார். அக்கா காலையில் முதல் வேலையாக, தன் பாடத்தில் ஒரு சொல் பிசகாமல், தாடைக்குப் பல் துலக்கினார். ஈறோரம் பிரஷ் பட்டதும் அது கூசி ஒதுங்கும். "ஆச்சு, ஆச்சு" என்பார் அக்கா.

துலக்கி என்ன பயன்? நோயாளிகள் பொய்யை நிறுத்தவில்லையே. வங்கி மேலாளர் வேறு டாக்டரிடம் போய்விட்டார். அன்று சாப்பாடு முடிந்ததும் டாக்டர் நேரே அக்காவின் மேசைக்கு வந்தார்.

"நீங்கதானே ஒட்டி வைக்கிறீங்க?"

"இல்ல டாக்டர். யாராவது பொய் சொன்னா அதுவா வருது."

டாக்டர் சிரிக்கத் தொடங்கி, தாடையைப் பார்த்தார். அக்கா அப்போதுதான் ரொட்டி தின்றிருந்தார். உதட்டோரம் துகள்கூட இருந்தது. தாடையிலோ ஒரு பொருக்கும் இல்லை. டாக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. குரல் பஞ்சாயிற்று.

"சரி விடுங்க, நான் நம்பறேன். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

முன்பல் இரண்டுக்கும் நடுவே, கம்பிக்கு அடியிலிருந்து பச்சையாக ஏதோ எட்டிப் பார்த்தது. கீரை. இருவரும் அதையே பார்த்தார்கள். டாக்டர் மூடிய வாய்க்குள் நாக்கால் தன் பற்களைத் துழாவுவது கன்னத்தில் தெரிந்தது.

அக்கா குட்டி பிரஷை நுழைத்து, அழுத்தாமல், அவசரப்படாமல் அதை எடுத்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து தன் சாமான்களைப் பையில் போட ஆரம்பித்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க? அதான் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேனே" என்றார் டாக்டர்.

இரண்டாவது இலை முதலாவதைவிடப் பெரிதாக இருந்தது.