மச்சான் பல்லைப் பிடித்துப் பார்த்த கார்

போன ஞாயிற்றுக்கிழமை நான் கார் வாங்கிவிட்டேன்!

நம்ப மாட்டீர்கள், தெரியும். ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு ஐந்து வருடமாகத் தபால்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் அதே ஆசாமிதான் நான். சைக்கிளைத் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. ஆனாலும் கார்... அதுவும் என்னைவிட வயதில் மூத்த கார்!

திண்டிவனத்தில் ஒரு ரைஸ்மில் களத்தில் பழைய கார் கண்காட்சி, சாயங்காலம் ஏலம் என்று நோட்டீஸ் வந்தது. சும்மா வேடிக்கை பார்க்கத்தான் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறினோம் — நான், மனைவி சரோஜா, அவளுடைய அண்ணன் ஏழுமலை. மச்சான் மாட்டுத் தரகர். சொந்த டிராக்டரும் ஓட்டுவார். மாட்டுச் சந்தைக்கு சரோஜா ஒருநாளும் போனதில்லை. அண்ணன் ஓட்டிக்கொண்டு வரும் மாடு சோடை போகாது என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

நெல் காயவேண்டிய இடத்தில் வரிசையாகக் கார்கள். கடைசியில் ஒரு கறுப்பு வண்டி. பெரிய உருண்டை விளக்குகள், இரண்டு பக்கமும் ஏறி நிற்கப் படிப்பலகை, உள்ளே சோபா மாதிரி சீட். பார்த்ததும் எனக்குக் கைகால் ஓடவில்லை. சரோஜாவோ படிப்பலகையில் ஏறுகிறாள், இறங்குகிறாள், மறுபடி ஏறுகிறாள்!

"ஸ்கூட்டரு வர்றதுக்குள்ள நமக்கு வயசாயிடும். இத்தயே வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கரும்புச்சாறு குடிக்கப் போனாள்.

மனைவியே சொன்ன பிறகு வேறென்ன வேண்டும்? மச்சானிடம் சொன்னேன். "நீ பேசாம இரு மாப்ள. நான் பாத்துக்கறேன்" என்றவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காரைச் சுற்றி வந்தார். பம்பரைத் தூக்கிப் பார்த்தார். டயரை உதைத்தார். பிறகு ஆரம்பித்தார் பாருங்கள், மெட்ராஸிலிருந்து வந்திருந்த கூலிங்கிளாஸ் கனவான்கள் காதில் விழும்படி!

"முன்னங்கால்ல பலமில்ல மாப்ள. ஒரு பக்கமா சாஞ்சிக்கினு நிக்குது பாரு!"

இன்ஜினை ஓட்டிக் காட்டினார்கள். "கேட்டியா? சளி கட்டிக்கினு இருமுது. பாதி ரோட்டுல படுத்துக்கும், எழுப்ப முடியாது. ஊட்டுக்கு இட்டுக்கினு போனா பேஜாரு!"

நான் மெல்ல அடுத்த கார் பக்கம் நகரப் பார்த்தேன். அவர் என் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளிக் கண்ணடித்தார். அட... சந்தை வித்தை! வாங்கப்போகிற மாட்டைத்தான் தரகர் வாய்க்கு வந்தபடி திட்டுவாராம். வேண்டாத மாட்டை யார் அரைமணி நேரம் நின்று திட்டுவார்கள்? ஜவுளிக்கடையில் நம் வீட்டம்மாக்கள் எந்தப் புடவைக்கு அதிகம் முகம் சுளிக்கிறார்களோ, அதுதானே கடைசியில் பைக்குள் வருகிறது?

வித்தை பலித்தது. கனவான்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். ஏலம் ஆரம்பித்தபோது ஆரம்ப விலைக்கே ஆள் இல்லை. ஏலக்காரர் விலையை இறக்கினார்... இன்னும் இறக்கினார்... நான் கையைத் தூக்கினேன்.

"ஒருதரம்... ரெண்டுதரம்..."

ஒரே ஒரு கனவான் மட்டும் பாதிக் கையைத் தூக்கிவிட்டார். அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல்.

"நிறுத்துங்க!"

சரோஜா! கரும்புச்சாறு டம்ளரோடு நின்று அண்ணன் சொன்ன குறை அத்தனையும் கேட்டிருக்கிறாள்.

"இத்தன வருசமா மாடு பாக்குற எங்கண்ணனே ஆகாதுன்னுட்டாரு. இந்த வண்டி எங்க ஊட்டுக்கு வேணாங்க!"

கனவான் தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார். "கேட்டா கேட்டதுதாம்மா... மூணுதரம்!" என்று ஏலக்காரர் மேஜையைத் தட்டிவிட்டார்.

கார் எனக்குத்தான். ஆனால் மனைவி? விறுவிறுவென்று பஸ் ஸ்டாண்டு பக்கம் நடக்கிறாள், கண்ணில் தண்ணீரோடு! அவளை விட்டுவிட்டு நான் மட்டும் காரில் போய் இறங்கவா? மச்சான் பின்னாலேயே ஓடினார்.

"நில்லும்மா! நான் சொன்னது அத்தினியும் பொய்யி! வெலய கொறைக்கத்தான் அப்பிடி சொன்னேன். இது மாதிரி வண்டி இந்த ஜில்லாவுலயே கெடையாது!"

அவள் அவரையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள்... நிற்கவே இல்லை. சிரித்துக்கொண்டே திரும்பி வந்து காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

மச்சான்தான் ஓட்டினார். கார் இருமவும் இல்லை, படுக்கவும் இல்லை. கூட்டேரிப்பட்டில் டீக்கடைக் கூட்டம் முழுக்க எழுந்து நின்று கை காட்டியது. நானும் மந்திரி மாதிரி கை காட்டினேன். சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு.

விக்கிரவாண்டி தாண்டியதும் சரோஜாவின் சிரிப்பு நின்றது. முன்சீட்டை எட்டித் தட்டினாள்.

"ஏண்ணா, வாங்கறப்ப இல்லாத கொறையெல்லாம் சொல்லுவே... சரி. தள்ளி விடறப்ப?"

"தூக்கி வச்சிப் பேசணும். அதானே தொழிலு?" என்றார் மச்சான் பெருமையாக.

"அப்ப, இவர மாப்ள பாத்துட்டு வந்து, 'தங்கமான ஆளு, ஒரு கொறையும் சொல்ல முடியாது'ன்னு எங்கிட்ட சொன்னியே..."

விழுப்புரம் வரும்வரை மச்சான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.