ஐஸில் போட்ட எட்டு

எண்பதுகளில், நியூ ஜெர்சியில் என் மகள் ஐஸ் ஸ்கேட்டிங் கற்ற இடத்துக்கு இன்னொரு தமிழ் அப்பாவும் வருவார். டாக்டர் என்று மட்டும் தெரியும். ஒல்லியான உடம்பு, காதை மூடிய குரங்குக் குல்லா. தன் மகள் ஐஸில் இறங்கினால் அவள் முகத்தைப் பார்க்கவே மாட்டார், காலையே பார்ப்பார்.

அங்கே ஒவ்வொரு நிலைக்கும் ஒரு டெஸ்ட். நம் ஊரில் லைசென்ஸ் வாங்கப் போடுவதுபோல எட்டுப் போட வேண்டும். ஆனால் ஒற்றைக் காலில், போட்ட கோட்டின் மேலேயே மூன்று முறை. நடுவர்கள் குனிந்து, ஐஸில் விழுந்த கீறலைப் பார்த்து மார்க் போடுவார்கள். அந்த ஒரு எட்டுக்காகப் பிள்ளைகள் மாதக்கணக்கில் விடியற்காலைத் தூக்கத்தைத் தொலைத்திருப்பார்கள்.

ஒரு நாள் அந்த டெஸ்டில் அவர் மகள் பாஸ். குதித்துக்கொண்டு ஓடி வந்தவளின் கையைப் பிடித்துத் திரும்ப ஐஸுக்கே இழுத்துப் போனார். மண்டியிட்டு, கோடு இரண்டாகப் பிரிந்த இடத்தில் அவள் விரலை வைத்து அழுத்தினார்.

"இது என்ன?"

"ஐ பாஸ்டு, அப்பா!"

அவர் கையை எடுக்கவில்லை. விரல் சிவந்தது. என் மகள் என் பின்னால் ஒதுங்கினாள்.

"பாஸாயிட்டாளே, விடுங்க சார்" என்றேன்.

"அவங்க பாஸ் பண்ணிட்டாங்க சார். நான் இன்னும் பண்ணல."

இவனெல்லாம் ஒரு அப்பனா என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே காரை ஓட்டினேன்.

அடுத்த மாதம் என் மகளும் அதே டெஸ்டில் பாஸானாள். சிரித்துக்கொண்டு ஓடி வந்தாள். என் கண் அவளைத் தாண்டி, அவள் போட்ட கோட்டுக்குப் போனது.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். சட்டென்று நின்று, கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.