கையால் அரைக்கிற காப்பி

போன மாசம் என் மகள் வயநாட்டுக்குப் போய்விட்டு வந்தபோது வறுத்த காப்பிக்கொட்டை ஒரு பொட்டலம் கொண்டுவந்து தந்தாள். "பொடியா வாங்கி வெச்சா மணம் போயிடும்பா. அப்பப்போ அரைச்சுக் குடிங்கோ" என்றாள். காப்பிப்பொடிக் கடையில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்து எழுந்தவனுக்குக் காப்பி மணத்தைப் பற்றிப் பாடம். சிரித்துக்கொண்டே வாங்கிவைத்தேன். அவள் அம்மா இருந்தால் அவளும் சிரித்திருப்பாள். என் சட்டையிலிருந்து அந்த வாடை போகவே போகாது என்று துவைக்கிற கல்லோடு சண்டை போட்டவள் அவள்.

முதலில் மிக்ஸியில் போட்டேன். பாதி மாவாகவும் பாதி நொய்யாகவும் வந்தது. ஃபில்டரில் மாவு போய் ஓட்டைகளை அடைத்துக்கொண்டது. நொய் சும்மா நனைந்து கிடந்தது. ஆறரைக்குப் போட்ட டிகாக்ஷன் எட்டு மணிவரை இறங்கவில்லை. காப்பியைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் அன்றைக்கு எதிர்க்கடையில் போய் சாயா குடித்தேன்.

மகள் போனில் ஒரு மோட்டார் வைத்த அரைக்கும் இயந்திரத்தைக் காட்டினாள். பொத்தானை அழுத்தினால் போதுமாம். "எனக்குக் கையால சுத்தறதுதான் வேணும்" என்றேன். "அறுபத்தெட்டு வயசுல கை வலிக்கும்னாக்க என்ன பண்ணுவேள்?" என்று கேட்டாள். வலித்தால் நிறுத்திக்கொள்வேன் என்று சொன்னேன். அதுதானே அதிலுள்ள சௌகரியம், நாம் நிறுத்தினால் அது நிற்கும். அவள் அதை ஹாஸ்யம் என்று எடுத்துக்கொண்டாள்.

வலியசாலை வீட்டிலிருந்து பழவங்காடிக் கடைத்தெருவுக்கு நடந்தே போனேன். அங்கே பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் பாத்திரக்கடைகள் இருக்கும் சந்தில் ஒரு கடை. வள்ளியூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி மூன்று நான்கு தினுசு எடுத்துப் போட்டாள். மரப்பெட்டியும் பித்தளைக் குமிழும் அடியில் பொடி விழ இழுப்பறையுமாக ஒன்று, பார்க்க லட்சணமாக இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் நடுத்தண்டு ஆடியது. தண்டு ஆடினால் பொடி ஒரே சீராக விழாது. அழகுக்குக் காசு கொடுத்து மறுபடியும் நொய்யையும் மாவையும் வாங்குவானேன். மேஜை விளிம்பில் திருகி மாட்டுகிற இரும்பு இயந்திரம் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டு மேஜை கண்ணாடி. மிச்சம் இரண்டும் டம்ளர் மாதிரி உருளைகள். ஒன்றில் அரைக்கிற பல் பீங்கான், இன்னொன்றில் எஃகு.

"பீங்கான் வெல கம்மி சார். ஆனா கீழ விழுந்தா போச்சு. எஃகு உள்ளது நின்னு உழைக்கும், பொடியும் ஒரே மாதிரி விழும். அடியில இத திருக்குனா நைசு, பரும்படி எல்லாம் வச்சுக்கிடலாம்" என்றாள்.

விலையில் கிட்டத்தட்ட ஒரு மடங்கு வித்தியாசம். பென்ஷன் இல்லாதவன் யோசிக்க வேண்டிய இடம். நான் யோசித்தேன், ஆனால் அதைப் பற்றி அல்ல. இரண்டையும் மாற்றி மாற்றிக் கையில் எடுத்து, மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். எஃகு உருளையில் பல்லுக்கு மேலே இருக்கும் சந்தில் என் சுண்டுவிரல் நுனிகூட நுழையவில்லை. அதைக் கொடு என்றேன்.

"இதெல்லாம் யாரும் பாக்க மாட்டாவ சார்" என்று சொல்லிக்கொண்டே அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தாள்.

ஏன் பார்த்தேன் என்று அவளிடம் சொல்ல முடியுமா? மகளிடமே சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த கடை அங்கிருந்து கூப்பிடுதூரம்தான். முன்னால் கவுண்டர், அதை ஒட்டி பில் எழுதுகிற என்னுடைய மேஜை. பின்னால் ஒரு இருட்டறையில் அரைக்கும் இயந்திரம். மேலே அண்டா மாதிரி ஒரு வாய், அதில் கொட்டையைக் கொட்டினால் தொண்டைக்குள் ஒரு இரும்புத் திருகு சுற்றிக் கொட்டையை உள்ளே தள்ளும். அதன் மெயின் சுவிட்ச் இயந்திரத்தின் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். என்ன காரணமோ, என் தலைக்கு மேலே சுவரில் இருந்தது. பின்னாலிருந்து குரல் வந்தால் நான் எழுந்து போடுவேன், அணைப்பேன். என் உத்தியோகத்தில் உடம்பு அசைகிற ஒரே காரியம் அது.

குரல் செல்வதாஸுடையது. களியக்காவிளை தாண்டி உள்ளே ஒரு ஊர். முதலில் ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போய்க்கொண்டிருந்தவன், ஒரு மழைக்காலத்தில் வெட்டு இல்லாமல் வேலை தேடி வந்து கடையிலேயே தங்கிவிட்டான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அக்ரஹாரத்துக்காரன் என்பதால் என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவான். அவன் பொட்டலம் கட்டுவதைப் பார்க்கவே சிலர் நிற்பார்கள். காகிதத்தை மடித்து நூலைச் சுற்றி இரண்டு விரலால் வெடுக்கென்று இழுத்து அறுப்பான். கத்தரிக்கோலைத் தொட்டு நான் பார்த்ததில்லை. கொஞ்சம் சேர்த்துக்கொண்டு ஊருக்குத் திரும்பி, மாமனார் வைத்திருந்த ரப்பர் மரங்களைத் தானே வெட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டிருப்பான். "வெட்டுக்கத்தி கையில இருந்தா யாருக்கும் சலாம் வைக்காண்டாம் சாமி" என்பான்.

அந்த நாட்களில் எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். கரமனையில் ஒரு பெண். ஜாதகம் பொருந்தியிருந்தது, பெண் எப்படி என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் மத்தியானம் அவர்கள் தெருவில் இருக்கும் ஒரு மாமா காப்பிப்பொடி வாங்கக் கடைக்கு வந்தார். கரண்ட் போயிருந்தது. கொட்டை அரைபட்டுக்கொண்டிருக்கும்போதே போய்விட்டதால் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்தது. எப்படியும் நிற்க வேண்டியவர், நின்றுகொண்டே பெண்ணைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நன்றாகப் பாடுவாளாம். கொஞ்சம் கோபக்காரியாம், ஆனால் ஒரு நாழிகைக்கு மேல் நிற்காதாம். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

பின்னாலிருந்து செல்வதாஸ் கேட்டான். "சாமி, சுவிச்சு அணைச்சாச்சா? கைய விட்டு நோண்டணும்."

"ஆச்சு, ஆச்சு" என்றேன்.

தலையைக்கூடத் தூக்கவில்லை. வாயில் வந்தது, சொன்னேன். அவள் என்ன பாட்டெல்லாம் பாடுவாள் என்று அந்த மாமாவிடம் கேட்க வாயெடுத்தேன். அப்போது கரண்ட் வந்தது.

அவன் கத்தியது எனக்கு நினைவில் இல்லை. இயந்திரம் ஓடுகிற சத்தம் சட்டென்று கனத்துக் கேட்டது, அதுதான் நினைவிருக்கிறது. எழுந்து சுவிட்சை இழுத்தேன். அந்தச் சுவிட்சின் பிடி அணைக்காமல் மேலேயே இருந்ததையும் அதை நான்தான் கீழே இழுத்ததையும் இந்தக் கையால் அறிவேன். வேறு யாரும் பார்க்கவில்லை. அந்த மாமாவும் பின்னறைப் பக்கம் ஓடிவிட்டிருந்தார்.

வலது கையில் மூன்று விரல்கள் போயின. பெருவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின.

ஆஸ்பத்திரியில் முதலாளி கட்டில் பக்கத்தில் நின்று, "எப்படிடா ஆச்சு? சுவிச்சை அணைக்காம கைய விட்டியா?" என்று கேட்டார். நான் கால்மாட்டில் நின்றேன். செல்வதாஸ் என்னைப் பார்க்கவில்லை. மேலே சுற்றாமல் நின்ற ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஓர்மை இல்லாம போச்சு மொதலாளி. சாமிக்கிட்ட அணைக்கச் சொல்லல்ல" என்றான். அவனுடைய தப்பு என்று ஆனது. கையில் ஏதோ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

மறுபடியும் ஒரு தடவை தனியாகப் போய்ப் பார்த்தேன். என்ன சொல்ல நினைத்துப் போனேனோ, அவன் முந்திக்கொண்டான். "போட்டும் சாமி. கல்யாணத்துக்கு என்னை விளிக்கணும் கேட்டியளா" என்றான்.

கூப்பிடவில்லை. பத்திரிகையில் அவன் பெயர்கூட எழுதினேன். இந்தக் கையோடு அவ்வளவு தூரம் பஸ்ஸில் எப்படி வருவான், பந்தியில் எந்தக் கையால் சாப்பிடுவான் என்றெல்லாம் அவனுக்காகக் கவலைப்படுவது மாதிரி எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு, அதைக் கிழித்துப் போட்டேன். கரமனைப் பெண் மாமா சொன்னதுபோலவே நன்றாகப் பாடினாள். கோபமும் ஒரு நாழிகைக்கு மேல் நின்றதில்லை. முப்பத்தைந்து வருஷம் கூட இருந்தாள். அவளிடம் சொல்லவே இல்லை. சொன்னால் அந்தக் கோபம் ஒரு நாழிகையில் போய்விடுமோ என்றுதான் பயம். போகாதோ என்ற பயமும் இருந்தது.

அவள் போன பிறகு வீட்டில் ஒரே நிசப்தம். அந்த வருஷம்தான் செல்வதாஸைத் தேடிப் போனேன். அவன் ஊர்ப் பெயரும் சர்ச்சுக்கு எதிர்வீடு என்பதும் மட்டும் தெரியும். பஸ் மாறி மாறிப் போய் இறங்கி விசாரித்தால், ரோட்டோரமாக ஓட்டு வீடு. முற்றத்தில் ரப்பர் ஷீட் காயப் போட்டிருந்தது. அந்த நாற்றம் தெருவரைக்கும் வந்தது. ஒரு அம்மாள் குனிந்து ஷீட்டைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவன் மனைவி ஜெசி. அவன் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

நான் யார் என்று சொன்னேன். நிமிர்ந்து பார்த்தாள். முதுகு முழுசாக நிமிரவில்லை.

"காப்பிக்கடைச் சாமியா" என்றாள்.

ஆமாம் என்று சொல்லி, அங்கேயே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். சுவிட்ச், நான் சொன்ன வார்த்தை, ஆஸ்பத்திரியில் வாயை மூடிக்கொண்டு நின்றது. இத்தனை வருஷம் மனசில் எழுதி எழுதிப் பார்த்த பேச்சு.

"எனக்குத் தெரியும். அவரு அன்னைக்கே என்கிட்ட சொல்லியாச்சு. சாமிக்குக் கல்யாணம் பேசிட்டு இருக்காவ, வேலை போச்சுன்னா கல்யாணமும் போவும், நீ யாருட்டயும் சொல்லாண்டாம்னு."

பிறகு அவன் ரப்பர் வெட்டப் போனானா என்று கேட்டேன்.

"மூணு வெரல் இல்லாத கையில வெட்டுக்கத்தி நிக்குமா? நிக்கல்ல. இடது கையில பழகிப் பாத்தாரு, மரம் முழுசும் காயம். பின்ன நான்தான் வெட்டப் போனேன். இருபத்தெட்டு வருசம். விடியதுக்கு முன்ன எழும்பி, மழையில, பாம்புக்கு எடையில. அவரு தோட்டத்துக்குக் காவலு இருந்தாரு. அவருக்கு வெரல் போச்சு, எனக்கு முதுகு போச்சு." ஒரு ஷீட்டை எடுத்துத் திருப்பிப் போட்டாள். "அவரு பொறுத்தாரு. நான் பொறுக்கல்ல. சாமி வந்து சொன்னதினால பொறுத்துருவேன்னு நெனைக்காண்டாம்."

இன்னொரு ஷீட்டையும் திருப்பிப் போட்டுவிட்டு, "வெயிலத்து வந்திருக்கிய. குடிக்க வெள்ளம் எடுக்கட்டா?" என்று கேட்டாள்.

ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். குடித்தேன். கொண்டுபோயிருந்த பழத்தையும் பணம் வைத்த கவரையும் நீட்டினேன். பழத்தை வாங்கிக்கொண்டாள். கவரைத் தொடவில்லை.

அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை போனேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. இனி வராதே என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன். போனால் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூசி தட்டிப் போடுவாள், சாயா போட்டுத் தருவாள். ரப்பர் விலை, முட்டுவலி, சவூதியில் இருக்கும் மகன், மலையாளம் மட்டும் பேசுகிற பேரப்பிள்ளைகள் என்று பேசுவாள். ஒரு தடவை செல்வதாஸின் படத்தைக் காட்டினாள். படத்தில் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தான். கிளம்பும்போதெல்லாம் நான் வாசலில் ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்பேன். எதற்கு நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். "இல்ல சாமி. போயிட்டு வாங்க" என்பாள். கோபமில்லாத குரலில்தான் சொல்வாள். அது இன்னும் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு நன்றாகத் தூக்கம் வரும். இதை வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

போன ஓணத்துக்கு முன்னால் போனபோது எந்த இடத்தில் இறங்குவது என்றே தெரியவில்லை. ரோட்டை அகலமாக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் செம்மண் வெட்டிக் கிடந்தது. சர்ச் மட்டும் இருந்தது, அதுவும் முன்சுவர் இல்லாமல். எதிரில் வீடு இல்லை. மண் சமமாக்கி ஜல்லி கொட்டியிருந்தார்கள். பக்கத்துப் பெட்டிக்கடையில் கேட்டேன்.

"ஜெசி அக்காவா? அது மரிச்சு நாலு மாசம் ஆச்சே. வீடு போறதைப் பாக்காம போச்சு, அதுவரை நல்லதுன்னு வையுங்க. நீங்க சொந்தமா?" என்று கடைக்காரர் கேட்டார்.

தெரிந்தவன் என்றேன்.

கல்லறைத் தோட்டத்துக்கு வழி காட்டினார். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அவள் மேல் சிமெண்ட் இன்னும் பூசவில்லை, மண்தான். கொஞ்ச நேரம் நின்றேன். வழக்கமாக நிற்கிற அந்த ஒரு நிமிஷத்தைவிட அதிகமாகவே நின்றேன். போயிட்டு வாங்க என்று சொல்ல ஆளில்லை. லாரிகள் மண் கொண்டுபோகிற சத்தம்தான் கேட்டது.

நாங்கள் வேலை பார்த்த கடையும் இப்போது இல்லை. போன் உறைகளைத் தொங்கவிட்டு விற்கிறார்கள். முதலாளி இல்லை. அந்த மாமா இல்லை, கரமனைப் பெண்ணும் இல்லை. அதெல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். நான் செய்ததைத் தெரிந்துகொண்டு, அதை மறக்காமல், மன்னிக்காமல், எனக்கு நாற்காலி தூசி தட்டிப் போட்ட ஒரு மனுஷி உலகத்தில் இருந்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை அவள் முன்னால் நான் எப்படிப்பட்டவனோ அப்படியே போய் உட்கார முடிந்தது. இப்போது அப்படி உட்கார ஓரிடம் இல்லை.